மரபணுவிலிருந்து மானாவாரி வரை: உயிரை வடிவமைக்கும் அறிவியலும் பெரம்பலூர்ப் பருத்தியும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் மழையை நம்பி விதைக்கப்படும் பருத்திச் செடிகளில் பெரும்பாலானவற்றின் ஒவ்வோர் உயிரணுவிலும், இயற்கையில் எந்த உயிரியிலும் அதே வடிவில் காணப்படாத, மனிதர்கள் எழுத்தெழுத்தாகத் திருத்தி அமைத்த ஒரு மரபணு இருக்கிறது. பி.டி. பருத்தி என்று ஊரெங்கும் அறியப்படும் இச்செடியை உழவர்கள் ஒரு விதை ரகமாகப் பார்க்கிறார்கள், நாளிதழ்கள் ஒரு சர்ச்சையாகப் பார்க்கின்றன. அறிவியல் வரலாற்றின் பார்வையில் அது இன்னொன்றும் ஆகும். உயிரைத் திட்டமிட்டு வடிவமைக்கும் முயற்சி ஆய்வுக்கூடத்தைத் தாண்டிச் சாதாரண உழவரின் நிலத்துக்கு வந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதிக்கப்பட்டு, வெற்றியையும் பின்னடைவையும் ஒருங்கே காட்டிய அரிய எடுத்துக்காட்டு அது. செயற்கை உயிரியல் என்ற துறையில் வடிவமைப்பு என்பதன் பொருள் என்ன, அதன் எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்விகளுக்கு வேப்பந்தட்டை, குன்னம், செந்துறைப் பகுதிகளின் பருத்திக் காடுகள் தெளிவான விடை தருகின்றன.

எழுதப்படும் மரபணு

உயிரினங்களின் மரபணுக்களைப் படித்தறிவதோடு நிற்காமல், குறிப்பிட்ட பணியைச் செய்யும் மரபணுத் தொகுதிகளை முன்கூட்டியே திட்டமிட்டு, வேதிமுறையில் உருவாக்கி, உயிரணுவுக்குள் இயங்கச் செய்யும் துறையே செயற்கை உயிரியல் எனப்படுகிறது. இதன் வேர்களில் ஒன்று, அன்றைய பஞ்சாபின் ராய்ப்பூரில் பிறந்து 1968ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஹர்கோவிந்த் குரானாவின் உழைப்பில் இருக்கிறது. 1970இல் அவரது குழு ஈஸ்ட்டின் ஒரு மரபணுவை முழுமையாக வேதிமுறையில் உருவாக்கியது. 1976இல் அதே குழு, தான் உருவாக்கிய இன்னொரு மரபணு பாக்டீரியாவின் உயிரணுவுக்குள் சென்று உண்மையான மரபணுவைப் போலவே வேலை செய்வதைக் காட்டியது. மரபணு என்பது பெற்றோரிடமிருந்து மட்டுமே வரக்கூடியது என்ற நிலை அத்துடன் மாறி, மேசையில் எழுதி உயிருக்குள் அனுப்பக்கூடியது என்ற நிலை பிறந்தது.

2000ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதனை அடுத்த படிக்குக் கொண்டு சென்றன. ஒன்றில், இரு நிலைகளுக்கிடையே மாறக்கூடிய சுவிட்ச் ஒன்று மரபணுக்களைக் கொண்டே அமைக்கப்பட்டது. மற்றொன்றில், மூன்று மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்கும்படி கோக்கப்பட்டு, பாக்டீரியா விட்டுவிட்டு ஒளிரும்படி செய்யப்பட்டது. மின்சுற்றை வரைவது போல மரபணுச் சுற்றையும் தாளில் வரைந்து, அதன் நடத்தையைக் கணக்கிட்டு, பிறகு உயிரணுவில் கட்டிப் பார்க்கலாம் என்பதை இவ்வாய்வுகள் உணர்த்தின. அதன்பின் இத்துறையினர் வடிவமைத்தல், கட்டுதல், சோதித்தல், கற்றல் என்ற நான்கு படிகளைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் வேலைமுறையைத் தமதாக்கிக்கொண்டனர். இச்சுற்றின் கடைசிப் படியான கற்றல் முடிந்ததும் வடிவமைப்பு மீண்டும் திருத்தப்படுகிறது என்பதால், வடிவமைப்பு ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல, இடையறாது தொடரும் பொறுப்பு என்பது இத்துறையின் அடிப்படைக் கொள்கையாகிறது.

செயற்கை உயிரியல் என்ற பெயர் இன்றைய பொருளில் வழங்கத் தொடங்குவதற்கு முன்பே பி.டி. பருத்தி உருவாகிவிட்டது. ஆயினும் அதன் மரபணு எழுதப்பட்ட விதம் முழுக்க வடிவமைப்பு சார்ந்தது என்பதால், இத்துறையின் மூத்த எடுத்துக்காட்டாக அதைக் கொள்வது பொருந்தும்.

பாக்டீரியாவின் புரதத்துக்குச் செடியின் எழுத்து

பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவின் பெயரிலுள்ள இரு முதலெழுத்துகளே பி.டி. ஆயின. ஜப்பானில் 1901இல் நோயுற்ற பட்டுப்புழுக்களிலும், பிறகு ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியிலும் கண்டறியப்பட்ட இந்நுண்ணுயிரி, படிக வடிவில் ஒருவகைப் புரதத்தைச் சேர்த்து வைக்கிறது. புழு அதனை விழுங்கும்போது, அதன் குடலிலுள்ள காரத்தன்மை படிகத்தைக் கரைக்கிறது, செரிமான நொதிகள் புரதத்தை வெட்டிச் செயல்படும் வடிவுக்குக் கொண்டுவருகின்றன, அவ்வடிவம் குடற்சுவரிலுள்ள ஏற்பிகள் என்னும் குறிப்பிட்ட புரதங்களைப் பற்றிக்கொண்டு துளையிடுகிறது, புழு உண்பதை நிறுத்தி இறக்கிறது. மனிதரின் வயிற்றில் அமிலத்தன்மை மிகுந்திருப்பதாலும் அந்த ஏற்பிகள் இல்லாததாலும் இதே நிகழ்வு அங்கே நடப்பதில்லை.

இப்புரதத்துக்கான மரபணுவை அப்படியே செடிக்குள் வைத்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பாக்டீரியாவின் மரபணு செடிக்குப் புரியாத மொழியில் இருக்கவில்லை, செடி விரும்பாத நடையில் இருந்தது. இதனை விளக்க மரபுக் குறியீட்டின் ஓர் இயல்பை அறிய வேண்டும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்ந்து கோடான் எனப்படும் 64 மூவெழுத்துக் குறிகளாகின்றன. அவற்றுள் 61 குறிகள் புரதத்தின் கட்டுமானக் கூறுகளான 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, எஞ்சிய மூன்றும் நிறுத்தக் குறிகளாகின்றன. ஆகவே ஓர் அமினோ அமிலத்துக்குப் பல குறிகள் இருக்கக்கூடும். ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருந்தாலும் ஒவ்வொரு வட்டாரமும் தனக்குப் பழகிய சொல்லையே மிகுதியாக வழங்குவது போல, ஒவ்வோர் உயிரினமும் சில குறிகளை விரும்பியும் சிலவற்றை அரிதாகவும் பயன்படுத்துகிறது. பாக்டீரியாவின் மரபணுவில் அடினின், தைமின் என்ற இரு எழுத்துகள் மிகுந்திருந்தன; அத்தொடர்களுள் சில, செய்தி இங்கே முடிந்துவிட்டது என்று செடி தவறாகக் கருதும்படியும், செய்தி விரைவில் சிதையும்படியும் செய்தன.

மான்சாண்டோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் இச்சிக்கலுக்கு வடிவமைப்பின் வழியே தீர்வு கண்டனர். புரதத்தின் அமைப்பு மாறாதபடி காத்துக்கொண்டே, மரபணுவின் எழுத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மாற்றி, செடி விரும்பும் குறிகளால் அதனை முழுவதுமாகத் திருத்தி எழுதினர். 1991இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, திருத்தி எழுதப்பட்ட மரபணு செடியில் 100 மடங்கு வரை கூடுதலான புரதத்தைத் தந்தது. புதிய பொருள் எதையும் சேர்க்காமல், எழுதும் முறையை மாற்றியதனாலேயே கிடைத்த இப்பலன், உயிரியலில் வடிவமைப்புக்கு இருக்கும் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகும்.

எங்கே, எப்போது, எவ்வளவு

ஒரு மரபணு எந்தப் புரதத்தைத் தரும் என்பதை முடிவு செய்வது வடிவமைப்பின் பாதி மட்டுமே. அப்புரதம் செடியின் எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், எவ்வளவு உருவாகும் என்பதை முடிவு செய்வது மறுபாதி. அதற்காக மரபணுவுக்கு முன்னால் புரமோட்டர் எனப்படும் இயக்கித் தொடர் ஒன்று வைக்கப்படுகிறது. பி.டி. பருத்தியின் முதல் மரபணுவுக்கு, காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுக்கப்பட்ட இயக்கி பொருத்தப்பட்டது. செடியின் எல்லாப் பகுதிகளிலும் எல்லாக் காலத்திலும் ஓயாமல் இயங்கும் என்பதே அதனைத் தேர்ந்ததற்குக் காரணம்.

ஆனால் வயலில் அவ்வாறு சீராக நடக்கவில்லை. இந்தியப் பருத்திக் கலப்பினங்களை நாக்பூரிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கேசவ் கிராந்தியும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, செடி வளர வளரப் புரதத்தின் அளவு குறைந்துகொண்டே போவதும், இலையில் மிகுந்திருந்த புரதம் காய்ப்புழு விரும்பி உண்ணும் பூவின் சூலகத்திலும் காயின் மேல்தோலிலும் மிகக் குறைவாக இருப்பதும் தெரியவந்தன. நச்சு மிகுந்திருக்க வேண்டிய இடத்தில் குறைந்தும், அவ்வளவாகத் தேவைப்படாத இடத்தில் நிறைந்தும் இருந்த இந்நிலை, ஓர் இயக்கியைத் தேர்வதிலும் எத்தனை கவனம் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. தண்ணீர் நின்றாலும் வறட்சி நீடித்தாலும் செடியின் உடலியக்கமே மாறிவிடும் மானாவாரி நிலத்தில், கண்ணாடிக் கூடத்தில் அளந்த அளவை அப்படியே எதிர்பார்ப்பது வடிவமைப்பாளரின் பிழையாகவே முடியும்.

புழுவும் வடிவமைப்பின் ஓர் உறுப்பு

2002ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, மாஹிகோ நிறுவனத்தின் மூன்று பி.டி. கலப்பினங்களுக்கு இசைவு தந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் அவை முதலில் பயிராயின. இரண்டாவது நச்சுப் புரதம் ஒன்றும் சேர்க்கப்பட்ட போல்கார்டு இரண்டு என்னும் விதை 2006இல் வந்தது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்தியே நிறைந்தது.

ஒரே நச்சைப் பெருநிலப்பரப்பெங்கும் விதைத்தால், அதனைத் தாங்கும் அரிதான புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும் என்பது வடிவமைப்பாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்காக அவர்கள் வகுத்த ஏற்பாட்டுக்குப் புகலிடப் பயிர் என்று பெயர். பி.டி. வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ மொத்தப் பரப்பில் 20 சதவீதமோ, இவற்றுள் எது கூடுதலோ அந்த அளவுக்குப் பி.டி. அல்லாத பருத்தியை நட வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டு, 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பையில் தரப்பட்டது. புகலிடத்தில் நச்சின்றி வளரும் ஏராளமான அந்துப்பூச்சிகள், நச்சைத் தாங்கிப் பிழைத்த ஓரிரு அந்துப்பூச்சிகளுடன் இணையும்போது, பிறக்கும் புழுக்கள் எதிர்ப்புப் பண்பின் ஒரு பிரதியை மட்டுமே பெறுவதால் நச்சுக்கு இரையாகின்றன. இவ்வாறு எதிர்ப்பு தலைமுறைதோறும் நீர்த்துப் போகிறது. மரபணுவில் எழுதப்படாமல் நிலத்தில் எழுதப்பட்ட இவ்விதியும் வடிவமைப்பின் இன்றியமையாத உறுப்பே ஆகும்.

இந்தியாவில் இந்த உறுப்பு பெரும்பாலும் செயல்படவில்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் உழவரிடம், அதில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுவிடுங்கள் என்று சொன்ன விதி, அந்த இழப்பை யார் ஈடுசெய்வது என்று சொல்லவில்லை. ஆகவே அச்சிறு பை பல இடங்களில் விதைக்கப்படாமலே போயிற்று. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் நச்சுப் புரதத்தைத் தாங்கப் பழகிவிட்டதை மான்சாண்டோவே 2010இல் அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவது புரதமும் அப்புழுவிடம் தோற்றது.

பெரம்பலூர், அரியலூர் நிலங்களின் பயிர்முறையோடு சேர்த்துப் பார்த்தால் இதில் இன்னொரு நுட்பம் புலப்படுகிறது. இங்கே பருத்திக்கு அருகிலேயே மக்காச்சோளமும் துவரையும் பயிராகின்றன. பச்சைக் காய்ப்புழு எனப்படும் அமெரிக்கன் காய்ப்புழு இப்பயிர்கள் பலவற்றையும் உண்ணக்கூடியது என்பதால், உழவர் தம் தேவைக்காக விதைத்த மக்காச்சோளமும் துவரையும் யாரும் திட்டமிடாமலே அதற்குப் புகலிடங்களாக அமைகின்றன. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ ஏறத்தாழப் பருத்தியை மட்டுமே நம்பி வாழ்வது. துவரை வரிசை அதற்குப் புகலிடமாகாது. இவ்விரு புழுக்களுள் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவே முதலில் வடிவமைப்பை வென்றதற்கு அதன் இந்த உணவுப் பழக்கமும் ஒரு காரணம். புழு எதை உண்கிறது, பக்கத்து வயலில் என்ன விளைகிறது என்ற செய்திகள் மரபணு வரிசைக்கு நிகரான மதிப்புடையவை என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

கலப்பினம் என்னும் முடிவு

பி.டி. மரபணுவை எந்த வகைச் செடியில் வைப்பது என்பதும் ஒரு வடிவமைப்பு முடிவுதான். அமெரிக்காவில் அது ரகங்களில் வைக்கப்பட்டதால் செடியில் விளையும் எல்லா விதைகளிலும் நச்சுப் புரதம் இருந்தது. இந்தியாவில் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டிய கலப்பின விதைகளில் அது வைக்கப்பட்டது. கலப்பினச் செடி மரபணுவின் ஒரு பிரதியை மட்டுமே கொண்டிருப்பதால், அதன் காய்க்குள் உருவாகும் விதைகளில் நான்கில் ஒன்றுக்கு அந்த மரபணு கிடைப்பதில்லை. காய்க்குள் நுழைந்து விதை விதையாகத் தின்று நகரும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு நச்சுள்ள விதையும் இல்லாத விதையும் கலந்து கிடைப்பது, அது சிறிது சிறிதாக நச்சைத் தாங்கப் பழக ஏற்ற சூழல் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். மேலும், நீண்ட நாள் வயலில் நின்று காய்க்கும் கலப்பினங்கள், பருவத்தின் பிற்பகுதியில் வரும் இப்புழுவுக்குத் தலைமுறை தலைமுறையாக உணவளித்தன.

சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இதற்கு நேர்மாறான விளைவு நிகழ்ந்தது. அங்கே பி.டி. ரகத்தையும் சாதாரண ரகத்தையும் கலந்து பெற்ற விதையின் இரண்டாம் தலைமுறையை உழவர்கள் விதைத்தபோது, வயலிலுள்ள செடிகளில் நான்கில் ஒன்று முழுச் செடியாகவே நச்சற்றதாக அமைந்து, தானாகவே புகலிடமாயிற்று. வளரத் தொடங்கியிருந்த எதிர்ப்பு அதனால் பின்வாங்கியதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவிலோ பி.டி. பருத்தியுடன் மலட்டு அந்துப்பூச்சிகளை வானிலிருந்து விடுவதும் பிற நடவடிக்கைகளும் இணைக்கப்பட்டு, அந்நாட்டின் பருத்திப் பகுதிகளிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிக்கப்பட்டதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. மூன்று நாடுகளிலும் பயன்பட்டவை ஒரே வகைப் பி.டி. மரபணுக்களே. அவற்றைச் சுற்றி அமைக்கப்பட்ட ஏற்பாடே வேறுபட்டது, விளைவும் அதற்கேற்ப வேறுபட்டது.

காய்ப்புழுவுக்கு அப்பால்

பி.டி. புரதம் குறிப்பிட்ட புழுக்களைக் கொல்லவே வடிவமைக்கப்பட்டது. தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை அது தொடுவதில்லை. ஆகவே பி.டி. விதை வந்தபிறகும் தெளிப்பான் உழவரின் தோளிலிருந்து இறங்கவில்லை. 2017ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்கள் அதன் நச்சைச் சுவாசித்து உயிரிழந்ததும், மேலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதும் இதன் கொடிய நினைவூட்டல். ஒரு பூச்சியை அடக்கினால் அடுத்து எழக்கூடியது எது, அதனை எதிர்கொள்ளும் மனிதருக்குப் பாதுகாப்பு என்ன என்று கேட்காத வடிவமைப்பு முழுமையானது ஆகாது.

மறு ஆண்டே மக்காச்சோளத்துக்குச் சோதனை வந்தது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு, 2016இல் ஆப்பிரிக்காவை அடைந்து, 2018ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளக் காடுகளைப் பெருமளவில் அழித்தது. குருத்துக்குள் புகுந்து தின்னும் இப்புழுவுக்கு எதிராகப் பி.டி. மக்காச்சோளம் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. ஆனால் பியூர்ட்டோ ரிக்கோ தீவில் அத்தகைய மக்காச்சோளம் ஒன்றைப் படைப்புழு 2006ஆம் ஆண்டிலேயே வென்றுவிட்டது என்பதையும் அத்துடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

புதிய தலைமுறை வடிவமைப்புகள் பி.டி. பயிர்கள் தந்த பாடத்தை ஓரளவு உள்வாங்கியுள்ளன. பிரிட்டனைச் சேர்ந்த ஆக்ஸிடெக் நிறுவனம் செடியை விட்டுவிட்டுப் பூச்சியையே வடிவமைக்க முயல்கிறது. அந்நிறுவனத்தின் ஆண் அந்துப்பூச்சிகள் சுமக்கும் மரபணுச் சுற்று, தன்னைத் தானே தூண்டிப் பெருகும் ஒரு புரதத்தைப் பெண் புழுக்களில் மட்டும் உருவாக்கி அவற்றை இளமையிலேயே கொன்றுவிடுகிறது. வளர்ப்புக் கூடத்தில் ஒரு குறிப்பிட்ட மருந்து கலந்த உணவைத் தந்துகொண்டிருக்கும்வரை அச்சுற்று அடங்கியிருக்கும். வயலில் அம்மருந்து கிடைக்காததால் அது விழித்துக்கொள்ளும். படைப்புழுவுக்கான இவ்வமைப்புக்குப் பிரேசில் 2021இல் இசைவளித்தது. எங்கே அடங்க வேண்டும், எங்கே எழ வேண்டும் என்பதைச் சுற்றுக்குள்ளேயே எழுதிவைத்திருப்பது வடிவமைப்பின் முன்னேற்றமே. ஆயினும் அடுத்த பருவத்திலும் அந்துப்பூச்சிகளை விட யார் செலவு செய்வார், பக்கத்து ஊர் மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு மரபணுச் சுற்றால் விடை சொல்ல முடியாது.

வடிவமைக்கும் மேசையில் யார் யார்

மத்திய அரசு 2024இல் உயிரித்தொழில்நுட்ப உற்பத்திக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டுள்ளது; சென்னை ஐஐடி மாணவர்கள் செயற்கை உயிரியலுக்கான உலகப் போட்டிகளில் பங்கேற்று வருகிறார்கள். ஆகவே மரபணுவை எழுதத் தெரிந்த கைகள் இங்கே இல்லாமல் போகாது. அக்கைகளுக்கு வயலின் அறிவு போய்ச் சேர வேண்டும். வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மழை எப்போது தவறும், பருத்தி எத்தனை நாள் வயலில் நிற்கும், எந்தப் பூச்சி எந்த மாதம் வரும், விதைக்கு எவ்வளவு கடன் வாங்கப்படுகிறது என்ற செய்திகளை இந்நிலையங்களில் பணிபுரிவோரும் அவர்களோடு பழகும் உழவர்களும் நன்கறிவார்கள். இதுவரை இந்த அறிவு, விதை உருவாகி முடிந்தபின் அதனைப் பரப்புவதற்கே பயன்பட்டு வந்திருக்கிறது. விதை உருவாவதற்கு முன்பே அது கேட்கப்பட வேண்டும்.

அவ்வாறு கேட்டிருந்தால், மானாவாரிக் கரிசலுக்கு நீண்ட காலக் கலப்பினத்தைவிட, கோ 17 போன்று குறுகிய காலத்தில் காய்த்து முடியும், நெருக்கி நடத்தக்க ரகம் பொருத்தம் என்பதும், புகலிட விதையைத் தனிப் பையில் தந்து உழவரின் மனச்சான்றை நம்புவதைவிட முதலிலேயே கலந்து தருவதோ இழப்புக்கு ஈடளிப்பதோ நடக்கக்கூடியது என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். இவற்றுள் சில பின்னர் திருத்தங்களாக வந்தன. ஆனால் அதற்குள் புழு கற்றுக்கொண்டுவிட்டது. பொறியாளர் கட்டும் பாலத்தை அதன்மீது ஓடும் நீர் ஆராய்ந்து மாற்றிக்கொள்வதில்லை, ஆனால் உயிரியலில் வடிவமைக்கப்பட்ட பொருளை எதிர்கொள்ளும் உயிர்கள் தலைமுறைதோறும் மாறுகின்றன என்பதால், இங்கே காலந்தாழ்ந்த திருத்தத்துக்கு விலை மிக அதிகம்.

அடுத்த வடிவமைப்பு பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ வரும்போது, அது எத்தனை மடங்கு புரதம் தருகிறது என்பதோடு, எத்தனை ஆண்டு தாங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது, எதிர்ப்பு தோன்றுகிறதா என்று ஆண்டுதோறும் வயலில் யார் கண்காணிப்பார், தோன்றினால் மாற்று என்ன, அதன் செலவு யாருடையது என்ற கேள்விகளுக்கும் எழுத்தில் விடை தரப்பட வேண்டும். ஒப்புதல் தரும் குழு இவ்விடைகளை மரபணு வரிசைக்கு இணையான கட்டாய ஆவணமாகக் கோர வேண்டும். இருபது ஆண்டுக்கால அனுபவத்துக்குச் செலவும் உயிரும் கொடுத்தவர்கள் கரிசல் காட்டு உழவர்கள். வடிவமைப்பு தொடங்கும் மேசையில் அவர்களுக்கு இருக்கை கேட்பது நியாயமான உரிமை.